நீலம் போடாத சேலை

தங்கத்தைப் படம் எடுப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு இல்லை. அதற்கென்று சொந்த முகம் கிடையாது. எதிரில் இருப்பதைத்தான் காட்டும். விளக்கை நேராகப் போட்டால் விளக்கின் வெள்ளைப் பொட்டு தெரியும். நான் குனிந்தால் என் மூக்கு தெரியும். அதனால் விளக்குக்கும் நகைக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்ட வேண்டும். வெளிச்சம் துணி முழுக்கப் பரவி, சாந்தமாக நகைமேல் விழும். படத்தில் பளபளப்பு என்று நாம் பார்ப்பது உண்மையில் அந்தத் துணியின் பிம்பம்தான்.

நாமக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. முட்டை, ஜவ்வரிசிப் பாக்கெட், குத்துவிளக்கு என்று கடைகளின் விளம்பரத்துக்கு எடுத்துக் கொடுப்பேன். விலைக்கு வாங்கிய நைலான் திரை எல்லாவற்றிலும் பச்சையடித்தது. ஒருநாள் அம்மாவின் பழைய மல் சேலையைக் கட்டிப் பார்த்தேன். வெளிச்சம் அருமையாக இறங்கியது, ஆனால் நீலம் பாய்ந்திருந்தது. அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். எங்கள் சொந்தத்தில் அவள் வயதுக்காரர்களுக்கு இன்னும் அதுதான் சட்டம். வெள்ளைச் சேலையென்றால் அலசும்போது சொட்டு நீலம் போட்டே ஆக வேண்டும். நம் கண்ணுக்கு அது வெள்ளை, கேமராவுக்கு நீலம்.

சொன்னதும் அம்மா ஒரு சேலையை இதற்கென்றே ஒதுக்கிவிட்டாள். நீலம் போடாமல் அலசி, சுருக்கமில்லாமல் தேய்த்து, துணி காயப்போடும் ஸ்டாண்டில் கிளிப் மாட்டி இழுத்துக் கட்டுவதும் அவள்தான். கல்யாண வீடுகளில் பந்திக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள், "இன்னிக்கு எந்தப் பக்கங் கட்டோணுஞ் சாமி?" என்று காலையிலேயே வந்து நிற்பாள். அந்த முகத்தை அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் ஒரு நகைக்கடைக்காரர் முகூர்த்த மாத விளம்பரத்துக்குத் தாலிக்கொடியைப் படம் எடுக்கச் சொன்னார். நகையைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அவரே ஊழியர் ஒருவரோடு கொண்டுவந்து முன்னறையில் உட்கார்ந்தார். அம்மா முன்கூட்டியே திரையைக் கட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். நல்ல காரியமாக வருகிறவர் கண்ணில் படக் கூடாது என்று அவளே போட்டுக்கொண்ட ஒழுங்கு அது.

விளக்கைத் தள்ளி வைத்து, சேலையைக் கொடிக்கு அருகே இழுத்துப் படம் எடுத்தேன். தாலி வெண்ணெய் தடவினாற்போல மினுங்கியது. "அட, கண்ணுல ஒத்திக்கலாமாட்ட இருக்குதுங்க அம்மிணி" என்றார் கடைக்காரர். உள்ளே கேட்டிருக்க வேண்டும். வேலை முடிந்ததென்று அம்மா தன் ஒழுங்கையும் மறந்து சிரித்த முகமாக வந்து கிளிப்புகளைக் கழற்றினாள்.

"இதென்ன துணிங்க?"

"என்ற சீலைதானுங்க" என்றாள் பெருமையாக.

அவர் அம்மாவைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் பேசினார். "தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. மங்கலப் பொருளுங்க. வேற துணி கட்டி எடுத்துப்போடுங்க."

குரலில் எத்தனை மரியாதை! ஒரு 'ங்க' போட்டு அறைந்தால் வலிக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. அம்மா சேலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். தேய்த்த சேலையை அவள் சுருட்டி நான் பார்த்ததே இல்லை.

அவர் ஊழியரை அனுப்பிப் புது வேட்டி வாங்கிவரச் செய்தார். அதுவும் வெள்ளைதான். மாப்பிள்ளை கட்டுகிற வெள்ளை மங்கலம், அம்மா கட்டுகிற வெள்ளை மட்டும் ஆகாது. வேட்டியின் கஞ்சியும் நீலமும் சேர்ந்ததில் தாலி ஈயம் பூசினாற்போல வெளிறியது. மடிப்புகள் அதன்மேல் கோடு கோடாக விழுந்தன. எவ்வளவு சரிசெய்தும் போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டே பார்த்தார். "சரி, மொதல்ல எடுத்ததே இருக்கட்டுங்க. படத்துல சீலையா தெரியப்போகுது?" என்றார். சேலையைத் தவிர அதில் வேறென்ன தெரிகிறது என்று கேட்க வாய்வரை வந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அந்தப் படம் பெரிய பலகையாக ஏறியது. பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போக நானும் அம்மாவும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாக அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாலியில வெள்ளையா மினுங்குதே, அது என்ற சீலையா சாமி?"

"ஆமாம்மா. அத்தனையும் உன்ற சீலைதான்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பஸ்ஸில் இருந்தவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருகிட்டயுஞ் சொல்லிப்போடாத சாமி. கண்ணாலம் வெச்சிருக்கறவங்க பாக்கற படம், பாவம்."

பஸ் கிளம்பும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.