முழங்கால் பூட்டில் ஒடிந்த டேப்

என் மனைவிக்கு இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே இடக்கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இருபுறமும் எஃகுப் பட்டை ஓடும் காலிப்பரை அணிந்துதான் நடப்பாள். எழுந்து நின்றால் அதன் முழங்கால் பூட்டு விழுந்துகொள்ளும், கால் மடங்காது. அந்தப் பூட்டினால் அவள் பெற்ற பெரும்பேறு, பெருமாள் சந்நிதியில் எதையும் பற்றாமல் நின்று இரு கைகளையும் கூப்ப முடிந்ததுதான். மார்கழி முழுவதும் விடியலில் குரோம்பேட்டையை அடுத்த அஸ்தினாபுரத்து வீட்டிலிருந்து நடந்தே போய் அப்படிச் சேவிப்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழிக் கடைசியில், பூட்டைப் பிடித்திருந்த இரு திருகுகளும் ஆடத் தொடங்கின. துளைகளில் மரை தேய்ந்துவிட்டது. காலிப்பர் செய்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார். மறுநாள் மார்கழி நிறைவு. ஸ்கூட்டர் நிறுத்தும் கொட்டகையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸும் கை டிரில்லும் வைத்துக்கொண்டு வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்ப்பது என் வழக்கம். துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை போட்டுவிடலாம் என்று துணிந்தேன்.

மரை வெட்டும் டேப் அந்த அளவில் தீக்குச்சியைவிடச் சிறிதே தடிமன். கடினமான எஃகுதான், ஆனால் கண்ணாடிபோல் ஒடியும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பிப் பிசிரை உதிர்த்து, தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டே போக வேண்டும். கை அவசரப்படாதிருக்க நான் வாய்க்குள் பாசுரம் சொல்லுவேன்: ஓரடிக்கு அரைச் சுற்று, அடி முடியுமிடத்தில் பின்வாங்கல். பித்தளையில் அந்த முறை என்னைக் கைவிட்டதில்லை. காலிப்பரின் வெளிப்பக்கத் துளையும் அவ்வாறே இனிது முடிந்தது.

உள்பக்கத் துளையில் பாதி ஆழம் போனதும், டேப் சுழலாமல் முறுக்கிக்கொள்வதை விரல் உணர்ந்தது. அங்கேயே பின்வாங்கியிருக்க வேண்டும். ஆனால் பாசுரம் அடியின் நடுவில் இருந்தது. எம்பெருமான் திருநாமம் வரும் அடியைப் பாதியில் விடுவது என் நாவுக்குப் பழக்கமில்லை. நா போன வழியே கையும் போயிற்று. ‘டிக்’ என்று ஓர் ஓசை. கைப்பிடியில் பாதி டேப், மீதி துளைக்குள்.

குறட்டால் பற்ற நுனி இல்லை. ஆணி வைத்துத் தட்டினால் ஆணிதான் மழுங்கியது. குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த பாயிடம் எடுத்துச் சென்றேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா சார், உள்ளயே ஒடச்சிகினு வந்துகீறீங்க? சாமி பாட்டு பாடிகினே போட்டீங்களா?”

“எடுத்துடலாமா, பாய்?”

“தட்னா பட்ட வளஞ்சி பூடும். நெருப்புல காட்னா பூட்டே இளகிடும். அப்பால அம்மா எப்டி நடப்பாங்க? நம்ம கைல ஆவாது சார். பாட்டு கேட்டாரே, அவராண்டயே சொல்லிப் பாருங்க.”

சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பட்டையிலிருந்த எண்ணெயைத் துணியால் நன்றாகத் துடைத்துத் திருப்பித் தந்தார். ஒருபுறத் திருகை மட்டும் நம்பினால் உடலின் பாரத்தைப் பூட்டு தாங்காது என்பதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அவள் கட்டிலில் காத்திருந்தாள்.

“ஆச்சா?”

“உள்ளயே ஒடிஞ்சுடுத்து. நாளைக்கு ரிக்‌ஷா சொல்றேன். உக்காந்துண்டே சேவிக்கலாம்.”

“உக்காந்து சேவிக்கறதுக்கு ஆத்துலயே படம் இருக்கே. அதுக்கு எதுக்கு ரிக்‌ஷா?”

அவனே கதி என்று ஆண்டுக்கணக்கில் ஓதிவந்த சொல் அன்று ஆறுதலாக வரவில்லை. நடுவீட்டில் வெறும் உண்மையாக நின்றது.

விடியலில் கோயில் ஒலிபெருக்கி கேட்டதும் அவளே எழுந்தாள். “காலிப்பர் வரதுக்கு முன்னாடி நான் நடக்கலையா?” என்றாள். இடக்கையால் தொடையை அழுத்தி, ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்து நடந்தாள். தோளைப் பிடிக்கப் போனேன். “வேண்டாம், தடுக்கிடும்” என்றாள். மெதுவாகப் பின்னால் நடந்தேன். எங்களைக் கடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்நிதியில் திரை விலகியது. கூட்டத்தில் எல்லாக் கைகளும் கூடி உயர்ந்தன. அவள் இடக்கை தொடையை விட்டு எழவில்லை, எழுந்தால் விழுவாள். வலக்கையை மட்டும் நெஞ்சருகே கொண்டுவந்து, இணை இல்லாமல் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற என் கைகள் இரண்டும் வெறுமையாய்த் தொங்கின. அவற்றை என்னால் தூக்க முடியவில்லை.