புஷ்பம் அக்காவின் கூரையும் ஓர் ஏலக்காரனின் வாயும்

அறுப்பின் பண்டிகையில் ஏலம் போடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. திட்டு மட்டும் வருடம் தவறாமல் கிடைக்கும்.

மாத்தளை நகரத்தில் எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. அது வயிற்றுப்பாட்டுக்கு. ஒக்டோபர் வந்தால் எங்கள் சிறிய தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு நான் ஏலக்காரன். தோட்டத்தில் விளைந்தது, அடுப்பில் சுட்டது, கூட்டில் வளர்த்தது என்று சனங்கள் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் பக்கத்து ஹோலுக்குத் தூக்கிப்போவோம். நான் மேசைமேல் ஏறி நின்று கூவி விற்பேன். வாங்கியவர் மனமிருந்தால் பொருளைத் திரும்ப மேசைக்கே கொடுத்துவிடலாம். அதை மறுபடி ஏலம் விடுவோம். ஒரே வாழைக்குலை ஐந்து தடவை விலைபோய், கடைசியில் பழுத்தே போன கதையும் உண்டு. சேரும் பணம் ஒரு தரும காரியத்துக்கு.

இந்த வேலைக்கு நான் மனுப்போடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் யாரோ என் தோளில் கைபோட்டு, "ஒங்களுக்குத்தான் நல்ல சத்தம் இருக்கு" என்றார்கள். சபையிலோ, கோயில் பரிபாலன சபையிலோ, பள்ளிவாசலிலோ அப்படி ஒரு கை உங்கள் தோளிலும் விழுந்திருந்தால் நீங்களும் நம் ஆள்தான். வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

பூட்ட வேண்டிய அறை

இந்த வருடத்துத் தரும காரியம் புஷ்பம் அக்காவின் கூரை. அக்கா எங்கள் சபைதான். தனி ஆள், தைத்துப் பிழைக்கிறவர். அலுவிகாரைப் பக்கம் மேட்டில் சின்ன வீடு. ஆடிக் காற்று பின்பக்கத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. படுக்கிற அறையும் தையல் மெஷினும் அன்றிலிருந்து ஒரு நீல விரிப்புக்குக் கீழேதான் இருந்தன. பெரிய மழை தொடங்குமுன் தகரம் ஏறாவிட்டால் மெஷின் போகும், சுவரும் போகும்.

ஆனால் அக்காவுக்கு ரோசம் அதிகம். போன நத்தார்ப் பண்டிகைக்குச் சபை கொடுத்த உலர் உணவுப் பொதியை, "கஷ்டப்பட்டவங்களுக்குக் குடுங்க" என்று திருப்பி அனுப்பியவர். கூடவே போதகருக்கு ஒரு கேக்கும் அனுப்பியிருந்தார். அதனால், கூரை யாருக்கு என்று அக்காவுக்குத் தெரியவே கூடாது, பணம் சேர்ந்ததும் ஆட்களோடு போய் நின்றுவிட வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானித்தோம். "இந்த விஷயம் இந்த அறைய விட்டு வெளியே போகக் கூடாது" என்றார் போதகர். பொருளாளர் ரஞ்சி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அப்ப இவர இந்த அறையிலயே வச்சுப் பூட்டிட்டுப் போவமா?"

வீட்டு அபிப்பிராயம்

டீச்சர் என்னைத் தவறாக எடைபோட்டுவிட்டார் என்று எனக்கு மனவருத்தம். நான் மூன்றே மூன்று பேரிடம்தான் சொன்னேன். மூவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். ஒரு கிழமைக்குள் புஷ்பம் அக்காவைத் தவிர சபை முழுவதற்கும் தெரிந்துவிட்டது என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

என்றாலும் பொறுப்பு மனதை அழுத்தியது. வழக்கமாக ஏலத்தில் சேருவதைவிட இந்த முறை நிறையச் சேர வேண்டும். ஆகவே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி எடுத்தேன். ஒரு சவர்க்காரத்தை உயர்த்திப் பிடித்து, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கூவி, வாளியோடு பேரம் பேசி, அதை நல்ல விலைக்கு விற்றும்விட்டேன். வெளியே வந்தபோது மனைவி கையில் அகப்பையோடு நின்றிருந்தாள்.

"தேங்காக்காரன் என்ன விலை சொன்னாலும் குடுத்துட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டு வர்ற ஆளு நீங்க. ஒங்கள நம்பி ஒரு கூரையா?"

சொந்த மிளகு

என் கடைக்கு அடுத்தது நிஸாம் நானாவின் பலசரக்குக் கடை. மிளகு, கராம்பு, ஏலக்காய், சாதிக்காய் என்று அந்தப் பக்கம் காற்றே மணக்கும். நானா எங்கள் ஏலத்துக்கு வருடா வருடம் ஒரு பொதி மிளகு தருவார். போன வருடம் மரியாதைக்காக அவரை நேரில் அழைத்திருந்தேன். முன்வரிசையில் உட்காரவும் வைத்தேன். அவருடைய மிளகு மேசைக்கு வந்ததும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. "இந்தத் தரமான மிளகின் அருமை தெரிந்தவர் இந்தச் சபையில் ஒருவர்தான் இருக்கிறார்!" என்று அவரையே கையைக் காட்டினேன். சனம் கைதட்டியது. மனிதர் என்ன செய்வார்? விலை கேட்டார். நானும் விட்டேனா? எதிரில் கேட்பவர்களைத் தூண்டித் தூண்டி, கடைசியில் அவர் தலையிலேயே கட்டினேன்.

இந்த வருடம் போய் நின்றபோது நானா பொதியைக் கட்டினார். கையில் கொடுக்குமுன் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

"மொளகு தாரேன், எடுத்துட்டுப் போங்க தம்பி. ஆனா ஏலத்துக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க. சொந்த மொளகுக்கே ரெண்டு மடங்கு சல்லி குடுத்துட்டு வந்த கத எங்க வீட்டுல இன்னும் ஓயல்ல."

லக்கலயில் ஒரு குடும்பம்

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது புஷ்பம் அக்கா அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "இந்த வருஷம் எதுக்கு தம்பி சேக்குறோம்?"

பதறிப்போய்த் தவறான பொத்தானை அழுத்தினேன். ஒரு கொப்பிக்குப் பதிலாக எட்டுக் கொப்பி வந்தது. "ஒரு குடும்பத்துக்குக் கூரை போடக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்தப் பக்கம் என்று கேட்டார். பஸ்ஸே சரியாகப் போகாத, யானை நடமாடும் ஊராகச் சொன்னால் விசாரிக்க மாட்டார் என்று, "லக்கல" என்றேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் யோசிக்காமல் நாலு என்றேன். அக்காவின் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட நல்லா முட்ட போடுற கோழி ஒண்ணு இருக்கு. அதக் கொண்டுவந்து வைக்கிறேன்" என்றார். அந்தக் கோழியின் முட்டைதான் அவருடைய அரை வருமானம் என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் அக்கா, ஒரு தேங்காய் போதும் என்று எவ்வளவோ சொன்னேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"எனக்காவது வீட்டு முன்பக்கம் நனையாது தம்பி. அவங்க பாவம், நாலு புள்ளைங்கள வச்சுக்கிட்டு மழைக்கும் யானைக்கும் நடுவுல என்ன செய்வாங்க?"

கடைசிப் படியில் இருந்த பை

ஞாயிற்றுக்கிழமை காலையே தூறல். பீடத்தின் படி நிறையப் பொருள்கள். ஏலம் நன்றாகத்தான் சூடு பிடித்தது. பூசணி போனது, பலகாரம் போனது. அடுத்து கைக்கு வந்தது ஒரு பெரிய பை. பையில் கலேவெலக் கடை ஒன்றின் பெயர். உள்ளே கத்தரி, பயற்றங்காய், ஒரு கட்டுக் கருவாடு. எனக்குள் இருந்த பேச்சாளன் எழுந்துவிட்டான். "கலேவெலயிலிருந்து ஒரு முதற்பலன்! கடலே இல்லாத ஊரிலிருந்து வந்த கருவாடு!" என்று முழங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டோ வைத்திருக்கும் தாசன் நல்ல விலைக்கு எடுத்தான். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று பையோடு உடனே புறப்பட்டும் போய்விட்டான்.

அப்போதுதான் பின்வரிசையில் ஓர் அம்மா கையை உயர்த்தினார். கலேவெலயிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர், வழியில் ஆராதனைக்கு எங்கள் கோயிலுக்குள் நுழைந்திருக்கிறார். வாசல் ஈரமாக இருந்ததால் பையைப் பீடத்தின் கடைசிப் படியில் ஓரமாக வைத்தாராம். நான் மேசையிலிருந்து இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

"மரக்கறியும் கருவாடும் ஆண்டவருக்கே போகட்டும் தம்பி. அடியில மருமகனுக்கு உடுக்க எடுத்த சாரம் ஒண்ணு இருக்கு. அத மட்டும் எப்படியாவது கேட்டு வாங்கித் தாங்க."

கோழி

கடைசியாக மேசைக்கு வந்தது கோழி. காலைக் கட்டி, கூடையில் வைத்து, கழுத்தில் ஒரு சிவப்பு நாடாவும் கட்டியிருந்தார் அக்கா. நான் ஐந்நூறில் தொடங்கினேன். ஒருவர் அறுநூறு என்றார். அதற்குமேல் சத்தம் இல்லை. எல்லோருக்கும் அது யாருடைய கோழி என்று தெரியும், யாருடைய கூரைக்கு என்றும் தெரியும். அக்காவின் கோழியை அக்காவின் கூரைக்காக வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கோழிக்கு இவ்வளவுதானா என்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தாங்கவில்லை. இன்னும் கணிசமாகச் சேர வேண்டியிருந்தது. தொண்டை கட்டியிருந்தது, சாரத்துக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே கத்தலாக வெளியே வந்தது: "என்ன இப்படி உக்காந்திருக்கீங்க? நம்ம புஷ்பம் அக்கா வீட்டுக் கூரைக்குத்தானே கேக்குறேன்!"

ஹோலில் கோழி மட்டும்தான் சத்தம் போட்டது. போதகர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எழுந்தார். நேராக மேசைக்கு வந்தார். "அப்ப லக்கலயில யாரு?" என்று கேட்டார். "யாருமில்லக்கா" என்றேன். "நாலு புள்ளைங்க?" அதற்கும் இல்லையென்று தலையை ஆட்டினேன். என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டார். இனி வீட்டுக்குப் போய்விடுவார், இந்தக் கோயில் படியும் மிதிக்க மாட்டார், மழையில் அந்தச் சுவர் விழும், அதற்கு நானே காரணம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அக்கா வாசல்வரை போனார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர் கூடையை நனையாமல் உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு திரும்பிச் சபையைப் பார்த்தார்.

"இந்தக் கோழிக்கு அறுநூறா? நாளுக்கு ஒரு முட்ட போடுற கோழிங்க இது. என் கூரைன்னதும் வெலயக் கொறைக்கிறீங்களா?"

முதலில் சிரித்தது போதகர்தான். பிறகு ஹோல் முழுவதும் ஒரே நேரத்தில் விலை கேட்டது. கோழி மூன்று தடவை விலைபோனது. வாங்கிய இரண்டு பேர் மேசைக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று தடவையும் ஏலம் போட்டது நான் இல்லை, அக்காதான். "அந்தச் சங்கிலி போட்டிருக்கிறவரு, இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேளுங்க" என்று ஆளைக் காட்டிக் காட்டிக் கேட்டார். என்னைவிட நன்றாகப் போட்டார். கடைசியில் கோழியை எடுத்தது ரஞ்சி டீச்சர்.

அடுத்த சனிக்கிழமை தகரம் ஏறியது. கூரைமேல் நின்றவர்களுக்கு ஆணி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. வாயால் செய்ய வேண்டிய எதையும் யாரும் என்னிடம் தரவில்லை. கடைசித் தகரம் அடித்து முடிந்ததும் டீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் அதே கூடை. "கூரை வந்தாச்சு, கோழியும் வீட்டுக்கு வரட்டும் புஷ்பம்" என்று நீட்டினார். அக்கா தேநீர்க் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, கூடையை மெதுவாக டீச்சர் பக்கமே தள்ளினார்.

"கூரைய வாங்கிக்கிட்டேன் டீச்சர். கோழிய வாங்கிக்க மாட்டேன். நானும் ஏதாவது குடுத்திருக்கணும்ல?"

இப்போது என்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஏலத்திலிருந்து மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.