தறிச் சத்தம் வைத்த போன்

அம்மாவுக்குப் போன் அடித்தால் பயம். எனக்கு, அம்மா போனை எடுக்காவிட்டால் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் நான் ரிங்டோன் செய்யக் கற்றுக்கொண்டேன்.

அண்ணன் பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்துப்போன செய்தி போனில்தான் வந்தது. எடுத்தது அம்மா. சொன்னது முன்பின் தெரியாத யாரோ. அன்றிலிருந்து எங்கே போன் அடித்தாலும் அம்மாவுக்குக் கை நடுங்கும். குருவிச் சத்தம் வைத்தேன், புல்லாங்குழல் வைத்தேன், கோயில் மணி கூட வைத்துப் பார்த்தேன். எதுவானாலும் சரி, போனைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அப்புறம் மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தாள், தெருவை மறந்தாள். சில நாள் அண்ணன் போனதையும் மறந்துவிடுவாள். மறந்தால் எனக்கு ஒரு பயம், திரும்ப ஞாபகம் வந்தால் இன்னொரு பயம். ஞாபகம் வருகிற ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் சேதி வந்த மாதிரி அழுவாள்.

எனக்குப் பட்டுக்கடையில் பில் போடுகிற வேலை. பகலெல்லாம் அம்மா தனியாக இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போக மனசு வரவில்லை, திறந்துவிட்டுப் போகத் தைரியம் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பழைய போனைத் துணிப்பையில் போட்டு அம்மாவின் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதில் நெட் போடவில்லை. அம்மாவுக்கு எதற்கு நெட் என்று நினைத்தேன்; இருந்தால் ஆள் எங்கே இருக்கிறாள் என்று மேப்பில் பார்க்கலாம் என்பது தோன்றவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

ரிங்டோனுக்கு வழி, அண்ணன் எனக்கு அனுப்பியிருந்த ஒரு வீடியோவில் கிடைத்தது. முந்தானை டிசைனைக் கடைக்குக் காட்டுவதற்காக, போனைச் சாய்த்து வைத்துவிட்டு நெய்துகொண்டே எடுத்தது. அதில் அவன் முகம் இல்லை. கை, புடவை, தறி, அவ்வளவுதான். தறிச் சத்தத்திலேயே குடித்தனம் செய்தவள் அம்மா, அதற்கா பயப்படப்போகிறாள்? ஒரு ஆப்பை இறக்கி, நடுநடுவே வந்து விழுந்த விளம்பரங்களையெல்லாம் திட்டிக்கொண்டே வீடியோவை ஆடியோவாக மாற்றினேன். முடிவில் அண்ணன் குரல் வந்தது. “அம்மா, தண்ணி குடும்மா.” இதை அம்மா கேட்கவே கூடாது. அந்தக் குரலுக்கு முன்னாலேயே வெட்டி, வெறும் தறிச் சத்தத்தை மட்டும் சேமித்து, அம்மாவின் போனில் என் நம்பருக்கு ரிங்டோனாக வைத்தேன்.

முதல் தடவை கூப்பிட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். கை நடுங்கவில்லை. டிரம் பக்கம் போகவும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டாள். ஆனால் எடுக்கவில்லை. பச்சையை எப்படித் தள்ளுவது என்று எத்தனையோ முறை காட்டினேன். தலையாட்டுவாள், எடுக்க மாட்டாள்.

“சத்தம் காதுல வுழுதாம்மா?”

“வுழுதே.”

“அப்ப எடுக்க வேண்டியதுதானே?”

“எப்டிம்மா எடுக்கறது?” என்றாள். அதையும் மறந்துவிட்டாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் கடையில் கல்யாணக் கூட்டம். எதிர்வீட்டு அக்கா போனில் கூப்பிட்டார்.

“அம்மா வூட்ல இல்லம்மா. கதவு தொறந்து கெடக்குது. நானும் எல்லா பக்கமும் பாத்துக்கினு இருக்கறேன், காணோம்.”

பில்லை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் கோயில் குளத்தின் பாசிப் படிதான் கண்ணில் நின்றது. முதலில் அங்கேதான் போனேன். படியில் யாரும் இல்லை. தண்ணீரைப் பார்க்கவே பயந்து, பார்த்துவிட்டுத் திரும்பினேன். மெயின் ரோட்டில் கோயில் பார்க்க வந்த வேன்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. விடாமல் போன் போட்டேன். மணி போகிறது, எடுப்பார் இல்லை.

எங்கள் தெருவில் நுழைந்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் அம்மா எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும், அவள் போன் அடிப்பது யார் காதில் விழும்?

நான்கு வீடு தள்ளி இருக்கும் நெசவுக்காரர் வெளியே வந்தார். “போன் அம்மா கையிலதான இருக்குது? அடிச்சிக்கினே இருமா, சத்தத்த வெச்சிப் புடிச்சிடலாம். இன்னா ரிங்டோன்?”

“தறிச் சத்தம்ணா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நெசவுத் தெருவுல தறிச் சத்தமா? நல்லா வெச்சம்மா நீ!” என்றார். ஆனால் அதற்கு மேல் பேசிக்கொண்டு நிற்கவில்லை. வீடு வீடாக ஓடினார். “நிறுத்துபா, கொஞ்சம் தறிய நிறுத்துங்க!”

ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் தெருவில் பாதி வேலையில் எல்லாத் தறியும் ஒன்றாக நிற்பது பிணம் போகும்போதுதான். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோது அப்படித்தான் நின்றன. சனங்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் பேசவில்லை. சார்ஜ் இருக்க வேண்டுமே என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு நம்பரை அழுத்தினேன்.

எங்கேயோ ஒரே ஒரு தறி ஓடியது.

சத்தம் வந்த பக்கம் ஓடினேன். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை ஒட்டிய சந்தில், தண்ணீர்த் தொட்டி மூடிமேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. மடியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. உயிர் திரும்பிய மாதிரி இருந்தது எனக்கு. கூடவே கோபமும் பொங்கியது.

“எவ்ளோ நேரமா அடிக்கிறேன்! எடுக்கக் கூடாதாம்மா?” என்று கத்தினேன்.

அம்மா வாயில் விரல் வைத்து என்னை அடக்கினாள்.

“கத்தாத. அண்ணன் கோர்வ போட்டுக்கினு இருக்கறான். இப்ப பேச்சு குடுத்தா எண்ணிக்க தப்பிடும். கரை ஒடம்போட சேராது. முடிச்சிட்டு அவனே வருவான்.”

எங்கள் வீடுகளில் கோர்வை போடுகிறவனிடம், அதாவது புடவையின் கரையையும் உடலையும் இழை எண்ணிச் சேர்த்து நெய்கிறவனிடம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். சின்ன வயதில் அதற்காக நான் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். இத்தனை நாளும் அவள் போனை எடுக்காததற்கு இதுதான் காரணம்.

மணி முழுதும் அடித்து ஓய்ந்தது. எனக்குப் பின்னால் தெரு அப்படியே அமைதியாக இருந்தது. அம்மா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் மாறத் தொடங்கியது. அடுத்து அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

“ஏம்மா நின்னுடுச்சி?” என்றாள்.

“நூல் அறுந்திருக்கும்மா. முடிச்சு போடறான், இரு” என்று சொல்லிவிட்டு, நான் மறுபடியும் அவள் நம்பரை அழுத்தினேன்.