ஆமையின் கழுத்தில் என் முடிச்சு

குருநகரில் எங்கள் கரைக்குப் பழைய வலை பொறுக்க ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வந்தாள். மனிதர் கடலுக்குச் செய்யும் அநியாயத்தைச் சிற்பமாகச் செய்யப்போகிறாளாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பிள்ளை, அநியாயம் செய்யிறது பெரிய படகுக்காரர். எங்கடை ஆக்கள் ஒரு முழ வலையும் கடலிலை விட்டிட்டு வரமாட்டினம்."

அவள் தலையாட்டிவிட்டு, கரையொதுங்கிக் கிடந்ததையெல்லாம் சாக்கில் அடைத்துக்கொண்டு போனாள். மாதங்கள் கழித்து, கண்காட்சிக்கு வரச்சொல்லி வீடு தேடி வந்தாள்.

ஞாயிறு பூசை முடிய நானும் என் மனுசனும் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினோம். எங்களுக்கும் சிற்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் வழி முழுக்க முணுமுணுத்தார்.

மண்டபத்துக்குள் கால் வைத்தோம். கூரையிலிருந்து ஓர் ஆமை தொங்கியது. எங்கள் படகைவிட நீளம். தலை, கால், ஓடு எல்லாமே வலையும் கயிறும் மிதவையும்தான். யன்னல் வெயில் அதற்குள்ளால் விழுந்து எங்கள் உடம்பெல்லாம் வலைக்கண் வலைக்கண்ணாக நிழல் போட்டது. கோயிலில்கூட நான் அப்படி அண்ணாந்து நின்றதில்லை. பயமாக இருந்தது, விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

அதன் வயிற்றுக்குள் உண்மையான ஆமையொன்றின் ஓடும் எலும்பும் இருந்தன. செத்துக் கரையொதுங்கியதாம். கழுத்தை இறுக்கியிருந்த வலையையும் அப்படியே விட்டிருந்தாள்.

கரையில் வலைகள் கலந்துபோனால் சண்டை வராமலிருக்க, கிழிசல் பொத்தும் நூலில் எங்களிடம் வீட்டுக்கொரு நிறம் உண்டு. எங்களுக்கு நீலம். அதிலும் நான் மூன்று சுற்றுச் சுற்றித்தான் முடிச்சுப் போடுவேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அந்தக் கழுத்தில் இருந்தது நீல நூல், மூன்று சுற்று.

மனுசனைப் பார்த்தேன்.

"வலை கல்லிலை கொளுவிப்போட்டுது," என்றார் மெதுவாக. "காத்தும் எழும்பிட்டுது. வெட்டி விட்டிட்டன்."

வலை களவு போனதென்று அவர் அன்று சொன்னதை நம்பி நான் ஊரையே திட்டியிருந்தேன்.

பிள்ளை சிரித்துக்கொண்டு வந்தாள். "எப்பிடி இருக்கு அன்ரி?"

பேசாமல் வந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் அவ்வளவு பெரிய ஒன்றின் கீழே நின்று மறைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"உது என்ரை முடிச்சு, பிள்ளை."

அவள் அண்ணாந்து அந்தக் கழுத்தைப் பார்த்தாள். பிறகு, "கழட்டட்டே அன்ரி?" என்று கேட்டாள்.

"வேண்டாம். கிடக்கட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் அவர் சொன்னார்: "இனி வேறை நிற நூல் போடு."

மறுநாள் காலையில் வலையை மடியில் எடுத்துப் போட்டு, நீலத்தையே கோத்தேன். மூன்று சுற்று. இனி எந்தக் கழுத்தில் கிடந்தாலும் எங்களுடையதென்று தெரியட்டும்.