ஏழாம் கோளை யார் காப்பது

என் விண்வெளி நாவலில் ஏழு கோள்கள் சேர்ந்த ஒரு கூட்டணி இருக்கிறது. ஏழாவது ஆகச் சிறியது, எல்லையில் இருப்பது. எதிரி வந்தால் முதலில் அதைத்தான் தொடுவான். கூட்டணியின் போர்க்கப்பல்கள் எல்லாம் முதல் கோளில் நிற்கும். ஏழாம் கோளுக்கு வந்துசேர ஒன்பது நாள் ஆகும். அந்த ஒன்பது நாளும் மக்கள் மூட்டை முடிச்சோடு கப்பல்துறையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படித்தான் எழுதியிருந்தேன். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் போன் செய்தார். "ஏம்மா, விண்வெளியில குடியிருக்கத் தெரிஞ்ச ஜனங்க, சண்டை வருதுன்னு தெரிஞ்சும் சும்மா உக்காந்திருப்பாங்களா? சொந்தமா ஒரு போர்க்கப்பல் கூடவா இருக்காது?"

"இருக்காது மேடம்."

"ஏன்?"

நிக்கோபாரின் கட்சால் தீவில் பிறந்தவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. கப்பல் போர்ட் பிளேரிலிருந்துதான் வரும். வராவிட்டால் உட்கார்ந்திருப்போம்.

"ஏழாம் கோளை விட்டுடலாமே. கூட்டணித் தளபதி ஆறாம் கோளைக் காப்பாத்தட்டும், போர்த் திட்டத்துக்கு அதுதான் சரி. விட மனசில்லன்னா, ஒன்பது நாள் அது எப்படித் தாங்குச்சுன்னு நம்புற மாதிரி எழுதிக் குடு. மாசக் கடைசிக்குள்ள."

அவர் குரலில் அக்கறைதான் இருந்தது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்து வயதிலேயே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லார் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். சுனாமிக்குப் பிறகு நிவாரணத் தாள்களையும் நாங்கள் யாரிடமாவது கெஞ்சித்தான் எழுதி வாங்கினோம் என்று அம்மா சொல்வார். நான் எழுதப் படித்த பின் அந்த நிலை இல்லை. அப்படிப்பட்ட நான், ஏழாம் கோளை விட்டுவிடுவதா?

அப்பாவிடம் சொன்னேன். போனில் அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "ஏன் புள்ள, மேல வானத்துலயும் ஜஹாஸ் கேன்சலா?" எங்கள் தீவில் கப்பலுக்கு ஜஹாஸ் என்றுதான் பேர்.

"அங்கயாவது ஒழுங்கா ஓடுற மாதிரி எழுதச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னார்.

நான் தங்கியிருந்த போர்ட் பிளேரிலிருந்து வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று கட்சால் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கப் போனேன். காலை ஏழு மணி. கவுண்டர் திறக்கவில்லை. வழக்கம்போல வரிசையில் ஆட்களைவிடப் பைகள்தான் அதிகம். நானும் இடம்பிடிக்க என் நீலப் பையை வைத்துவிட்டு, எதிரே பாய் கடையில் டீக்கு உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஒரு வரியும் நகரவில்லை.

திரும்பி வந்தபோது சத்தம். புதிதாக வந்த காவலாளி ஒருவர் பைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "ஆத்மி கிதர் ஹை?" ஆள் எங்கே என்று இந்தியில் அதட்டினார்.

வரிசையின் நடுவில் ஒரு நிக்கோபாரி அக்கா மட்டும் நின்றார். ஒவ்வொரு பையாகக் காட்டி இந்தியில் பதில் சொன்னார். இது பாத்ரூம் போயிருக்கு. இது குழந்தைக்குப் பால் வாங்கப் போயிருக்கு. இந்த நீலம் டீ குடிக்குது. பதினொரு பைக்கும் பதில் இருந்தது. ஒரு பைக்கும் அவர் திணறவில்லை. காவலாளி பைகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், நகர்ந்துவிட்டார்.

"தீதி, நான் டீ குடிக்கப் போனது எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. பை இருந்தா ஆள் இருக்கும்" என்றார் இந்தியில். பிறகு என் வெறுங்கையைப் பார்த்து, "டீ மட்டும்தானா? காவல் காத்தவளுக்கு ஒரு சமோசா இல்லையா?"

ஓடிப்போய் இரண்டு சமோசா வாங்கி வந்தேன். அவர் தின்று முடிப்பதற்குள் என் போர்த் திட்டம் தயாராகிவிட்டது.

ஏழாம் கோளில் போர்க்கப்பல் இல்லை. ஆனால் தாது ஏற்றும் பழைய கலங்கள் நிறைய உண்டு. ஓட்ட ஆள் கிடையாது. அந்த வெற்றுக் கலங்களைக் கோளைச் சுற்றி வரிசையாக நிறுத்துகிறார்கள். பதினொன்றுக்கு ஒன்றில் மட்டும் ஆள். எதிரி தூரத்திலிருந்து குறிப்பலை அனுப்பி விசாரிக்கும்போது, அந்த ஒருவர் பதினொன்றுக்கும் பதில் சொல்வார். இது எரிபொருள் நிரப்புகிறது, இது பழுது பார்க்கிறது, இது தயாராக நிற்கிறது என்று. இவ்வளவு பெரிய படையா என்று எதிரித் தளபதி தயங்கி, பின்னால் வரும் தன் படைக்காகக் காத்திருக்கிறான். அவன் தயங்கிய ஒன்பது நாளில் கூட்டணியின் கப்பல்கள் வந்துவிடுகின்றன. முதல் வரிசைக்குப் பதில் சொல்பவள் ஏழாம் கோள்காரியே இல்லை. ஆறாம் கோளிலிருந்து வந்து, கப்பல் இல்லாமல் அங்கே மாட்டிக்கொண்டவள். கூட்டணி என்றால் என்ன என்று முன்பு மூன்று பக்கம் உரை எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன்.

பதிப்பாசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டார். "ஏழாம் கோள் இருக்கட்டும். நல்லாத் தாங்குது. இந்தத் தந்திரமெல்லாம் எதைப் படிச்சு எழுதுன?"

"டிக்கெட் கவுண்டர்ல மேடம்." சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

கட்சாலில், வீட்டு வாசலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்தேன். எதிரி திரும்பிப் போன இடத்தில் அம்மா கை தட்டினார். அப்பா தட்டவில்லை.

"அந்த ஆறாம் கோள்காரப் பொம்பள ஊருக்குப் போகத்தானே வந்து நின்னா? அவளுக்கு எடம் கெடச்சுச்சா?"

நான் தாள்களைப் புரட்டினேன். போர் முடிந்திருந்தது, கொடி ஏறியிருந்தது. அவளை நான் கலத்திலேயே விட்டிருந்தேன். அன்று சாயங்காலமே ஒரு பத்தி சேர்த்தேன். திரும்பும் கப்பலில் முதல் இருக்கை அவளுக்கு.