பாவாடையில் ஒட்டிய பழுப்பு

"விஷப் பாசியாம்மா? பம்பை நிறுத்தணுமா?" என்று சூப்பர்வைசர் போனில் பதறினார். அமீரகத்தின் புஜைராவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சோதனைக்குப் பழுப்பாக வந்திருந்த நீரை முகர்ந்தேன். ஈரக் கல்லின் வாடை.

எட்டு வயதில் இதே வாடையோடு வீட்டுக்கு வந்து, "கொளத்துல வெளையாடுனேன்" என்று பொய் சொன்னேன். அம்மா என் பாவாடையை முகர்ந்தாள்.

"கொளத்துப் பாசி பச்சையா இருக்கும் மக்கா. இந்தப் பழுப்பு அலைத்தடுப்புக் கல்லுலதான் ஒட்டும்."

அலை இழுத்துவிடும், போகவே கூடாது என்று அவள் சொல்லியிருந்த இடம் அது. அடிக்க ஓங்கிய கையாலேயே என்னை இறுக்கிக்கொண்டாள்.

இப்போது நுண்ணோக்கியில் குட்டிப் படகுகளாக நாவிகுலா என்ற டயட்டம் வகை நுண்பாசி தெரிந்தது. கல்லிலும் குழாயிலும் ஒட்டி வாழ்வது; விஷமில்லாதது. அப்பாடா என்றிருந்தது.

"நிறுத்த வேண்டாம் சார். குழாய்ச் சுவர்ல ஒட்டியிருந்தது பேந்து வந்திருக்கு. எங்கம்மான்னா மோந்தே சொல்லியிருப்பாங்க."