பூட்டி வைத்த ரப்பர் பல்பு

எங்கள் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் பிப்பெட்டை வாயில் வைத்துத்தான் கரைசலை உறிஞ்சி அளப்பார்கள். நான் பழக்கிவிட்ட பழக்கம் அது. ஒரு நோன்பு மாதத்தில் மேலப்பாளையத்து மாணவி ஒருத்தி தயங்கி நின்றாள்.

“நோம்பு வச்சிருக்கேன் சார். தொண்டைக்குள்ள போயிட்டா முறிஞ்சிரும்.”

“ஒரு சொட்டுல போயிருத நோம்பா அது?” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் துல்லியம் குறைந்த அளவுசாடியால் அளந்தாள். விடை பிசகியது. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

எல்லோரும் போனபின் ஆய்வக உதவியாளர் பைய வந்தார்.

“வாய் வைக்காம உறிஞ்சுத ரப்பர் பல்பு நம்மகிட்ட இருக்குல்லா சார்? பிள்ளைக தொலைச்சிரும்னு நீங்கதான பூட்டி வச்சிய?”

அவள் தயங்கி நின்றபோதே அது எனக்கு நினைவிருந்தது. சாவியை எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் எல்லா மேசையிலும் பல்பு வைத்தேன். வகுப்பின் முன்னால், “நேத்து நான் பேசுனது தப்பும்மா. திரும்பச் செய்” என்றேன். இந்தமுறை அவள் விடை சரியாக வந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

அன்று வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. உதவியாளர் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தார். வராந்தாவில் வகுப்பே கூடியிருக்க, நோன்பு திறந்த அவள் எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள்.

“சூடா இருக்கு சார். உறிஞ்ச பல்பு வேணுமா?”

வகுப்பு மறுபடி சிரித்தது. இம்முறை என்னைப் பார்த்து. நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன்.